முரசுமோட்டைக் கொட்டிலில் ஒரு ஏ40 சோமர்செற்: மண்ணெண்ணெய் ரப்பைக் கழற்றுவதா, விடுவதா?

முரசுமோட்டையான்

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் வாசிப்பதோடு நின்றவன் நான். இப்போது கேட்கவேண்டிய தேவை வந்துவிட்டது.

பெரியப்பாவின் ஒஸ்ரின் ஏ40 சோமர்செற் எங்கள் வளவுக் கொட்டிலில் கிடக்கிறது. 1953ஆம் ஆண்டு வண்டி. ஒரு காலத்தில் பரந்தன், கிளிநொச்சி, தருமபுரம் என்று ஹயர், அதாவது வாடகைக்கு, ஓடியது. 2009 தை மாதம் நாங்கள் வெளிக்கிட்டபோது அதைக் கொண்டுபோக வழியிருக்கவில்லை. 2010இல் திரும்பி வந்து பார்த்தால் கொட்டிலுக்குக் கூரை இல்லை, நாலு ரயரும் பற்றரியும் இல்லை, கார் மட்டும் நிலத்தில் குந்திக்கொண்டிருந்தது. இடப்பக்கப் பின்கதவில் ஷெல் துண்டு துளைத்த இரண்டு ஓட்டைகள். பெரியப்பா மறு கிழமையே கூரை போட்டார். பிறகு 2018 மார்கழி வெள்ளத்தில் சில்லு மூடும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. போன வருடம் பெரியப்பா காலமானார். பெரியம்மா சாவியை என் கையில் தந்துவிட்டார்.

நேற்று முன்மூடியைத் திறந்து துடைத்தபோதுதான் இதைக் கவனித்தேன். எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் ஒரு பால்மா ரின் ஈயம் பற்றவைத்துப் பொருத்தப்பட்டிருக்கிறது. அதிலிருந்து இறங்கும் குழாய் காபரேற்றருக்கு முன்னால் ஒரு பித்தளை ரப்பில், அதாவது எண்ணெயை மாற்றித் திருப்பிவிடும் அடைப்பில், வந்து சேர்கிறது. ரப்பின் இரண்டு பக்கமும் ஆணியால் கீறிய எழுத்து: ஒரு பக்கம் 'பெ', மறுபக்கம் 'ம'. பெற்றோல், மண்ணெண்ணெய். 'ம' பக்கத்துச் செப்புக் குழாய் எக்ஸோஸ்ற் மனிபோல்டில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் ரப்புக்கு வருகிறது.

கேள்வி இரண்டு. இந்தக் காரை ஓடவைக்கலாமா? ஓடவைத்தால், இந்த ரப்பையும் ரின்னையும் கழற்றிக் கொம்பனி விட்டபடி ஆக்குவதா, அப்படியே விடுவதா?

டொரொன்ரோ வன்னியன்

தம்பி, முதலில் பெரியப்பாவுக்கு என் அஞ்சலி. இப்படி ஒரு சோமர்செற் வன்னியில் முழுசாக மிஞ்சியிருக்கும் என்று நான் நினைத்திருக்கவே இல்லை.

இந்த மொடல் 1952 முதல் 1954 வரைதான் செய்யப்பட்டது. 1200 சிசி எஞ்சின், தனிச் செஸி, முன்னுக்கு நீட்டு சீற், கியர்க் கம்பு ஸ்ரியரிங்குக்குக் கீழே. ஒஸ்ரின் அந்தக் காலத்தில் இங்கிலாந்து மாவட்டங்களின் பெயரை மொடல்களுக்கு வைத்தது. டெவொன், டோர்செற், சோமர்செற், ஹம்ஷயர் எல்லாம் அப்படி வந்தவை. அதனால்தான் அங்கே இவற்றை வைத்திருப்பவர்களின் சங்கத்துக்கு ஒஸ்ரின் கவுன்ரீஸ் கார் கிளப் என்று பெயர். சாமான் தேடுவதற்கு அவர்கள் நல்ல வழி.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் திட்டவட்டமானது: கழற்றுங்கள். பழைய காரைத் திருத்துவது என்றால் அது கொம்பனியிலிருந்து வந்த நாளில் இருந்த நிலைக்குக் கொண்டுவருவது. நான் இங்கே ஒரு மொறிஸ் மைனரை ஆறு வருடம் வைத்துத் திருத்தினேன்; ஒரு திருகாணிகூட வேறு அளவில் போடவில்லை. அதைவிட முக்கியம், சூடான மனிபோல்டில் எண்ணெய்க் குழாய் சுற்றியிருப்பது. குழாய் எங்காவது ஒழுகினால் காரும் போகும், ஆளும் போகலாம்.

இன்னொன்று. இந்தக் கார்களில் பற்றரியின் கூட்டல் முனைதான் போடிக்குப் போகும், கழித்தல் முனை அல்ல. இன்றைய பழக்கத்தில் மாறிப் போட்டுவிடாதீர்கள். றேடியோ, எல்ஈடி என்று புதுச் சாமான் எதையும் பார்க்காமல் கொழுவினால் எரிந்துவிடும்.

கராஜ் அப்பு

நான் கிளிநொச்சியில் 1979 முதல் இந்த வேலை செய்கிறேன். தம்பி எழுதியதை வாசித்ததும் அந்த ரப் என் கண்ணுக்குள் வந்து நிற்கிறது. அது என் கைவேலை இல்லை, ஆனால் அதேபோல் எத்தனையோ செய்திருக்கிறேன்.

1990இல் போரால் பாதை பூட்டினதோடு இங்கே பெற்றோல் இல்லாமல் போனது. 2002இல் ஏ9 பாதை திறக்கும்வரை அதுதான் நிலைமை. மண்ணெண்ணெயும் அளந்துதான் வரும். அந்த நேரம் வன்னியில் ஓடியது என்ன? புது ஜப்பான் கார்களா? இல்லை. ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட். காரணம் எஞ்சினுக்குள் இருக்கிறது. சோமர்செற்றின் கொம்பிறெஷன், அதாவது சிலிண்டருக்குள் நெருக்கம், 7.2க்கு ஒன்று. மண்ணெண்ணெய் நெருக்கம் கூடிய எஞ்சினில் நேரத்துக்கு முன்னே வெடித்துத் தட்டும். நெருக்கம் குறைந்த பழைய எஞ்சின் அதைத் தாங்கும். அதற்கும் மேலே நாங்கள் ஹெட்டுக்குக் கீழே வைக்கும் தகடான ஹெட் கஸ்கற் இரண்டு போட்டு இன்னும் கொஞ்சம் நெருக்கத்தைக் குறைப்போம், டிஸ்ரிபியூற்றரைச் சிறிது பின்னுக்குத் திருப்பிவைப்போம். இழுவை குறையும். குறையட்டும், சனம் போய்ச் சேர்ந்தது.

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் ஸ்ராட் பண்ணப் பெற்றோல் வேண்டும். அதற்குத்தான் ரின். எஞ்சின் சூடானதும் ரப்பை 'ம' பக்கம் திருப்ப வேண்டும். குழாயை மனிபோல்டில் சுற்றியது எண்ணெயைச் சூடாக்க. டொரொன்ரோத் தம்பி சொல்வது சரி, அது ஆபத்தான வேலைதான். அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை.

இந்த எஞ்சினைத் திறந்தால் என்ன இருக்கும் என்று இப்போதே சொல்கிறேன். ஹெட்டில் கரி தடிப்பாகப் பிடித்திருக்கும். எரியாத மண்ணெண்ணெய் றிங் வழியே கீழே இறங்கி ஒயிலோடு கலந்திருக்கும். அந்தக் காலத்தில் டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். தெரியாதவர்கள் ஒயில் நிறைய இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். உள்ளே பெயரிங் தேய்ந்துகொண்டிருக்கும். ஆகவே அவசரப்பட்டுச் சுற்றவேண்டாம். நாலு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஒயில் விட்டு ஒரு கிழமை விடுங்கள். அடியில் ஒயில் நிற்கும் சம்பைக் கழற்றிக் கழுவுங்கள். பிறகு ஹாண்டில் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பிளக் போட்டு ஹாண்டில் அடிக்கும்போது பெருவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கவேண்டும். எஞ்சின் திருப்பி அடித்தால் பெருவிரல் முறியும். என்னிடம் வேலை பழகிய பெடியன் ஒருவனுக்கு நடந்தது.

வெள்ளம் நின்ற வண்டி என்பதால் நாலு பிறேக் டிறம், சில்லுப் பெயரிங், டிபறென்சல் ஒயில், எல்லாம் திறந்துதான் ஆகவேண்டும்.

பூநகரி ஜீப்

எல்லோரும் உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறீர்கள். நானும் பழைய வண்டிப் பைத்தியம்தான், ஆனால் தம்பிக்கு வேறு ஒன்று சொல்லவேண்டும். வன்னியில் வண்டி என்றால் பாரம் ஏற்றவேண்டும், மாரியில் கிறவல் றோட்டில் போகவேண்டும். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனத்துக்கு அது திறபட 2025 ஆகிவிட்டது. அந்த ஐந்து வருடத்தில் பழைய சுசுகி அல்ரோக் கார்கூடப் புது விலைக்கு மேலே போனது. அந்த நேரத்தில் எனக்குக் கைகொடுத்தது என் மிற்சுபிசி 4டிஆர்5 ஜீப். இரண்டரை லீற்றருக்கு மேற்பட்ட டீசல் எஞ்சின், கொம்பியூட்டர் ஒன்றும் இல்லை. ஸ்பானர் ஒரு செற்றும் கொஞ்சம் கம்பியும் இருந்தால் எந்த மேட்டிலும் நின்று திருத்தலாம். சங்குப்பிட்டிப் பக்கம் உப்புக் காற்றில் தகடு கறள் பிடிக்கும், அதுதான் ஒரே கவலை.

வீட்டுக்குப் பயன்படும் வண்டி தேவை என்றால் ஜீப் அல்லது ஒரு டொல்பின் ஹயஸ் வான் பாருங்கள். சோமர்செற்றைச் சேமித்து வைக்கலாம், தினம் ஓட நினைக்கவேண்டாம்.

முள்ளியவளை மகள்

பூநகரி அண்ணை, தம்பி தினம் ஓடப்போவதாகச் சொல்லவில்லையே.

எங்கள் அப்பா கேம்பிறிட்ஜ் வைத்து ஹயர் ஓடியவர். 1990களில் எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. எங்கள் வீட்டில் பெற்றோல் ஒரு கால் போத்தலில் இருக்கும், அடைப்பானைச் சுற்றிச் சீலைத் துண்டு. அம்மா அதைக் குசினிப் பக்கமே விடமாட்டார். கிணற்றடிக் கொட்டிலில், மேலே, எங்களுக்கு எட்டாத இடத்தில் இருக்கும். இரவில் யாராவது படலையில் வந்து "அண்ணை, பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்" என்று கூப்பிட்டால் அப்பா முதலில் எடுப்பது அந்தப் போத்தலைத்தான். அளந்து, மூடியால் அளந்து, ஊற்றுவார்.

எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் விஷயம் வேறு. திரும்பி வரும்போது வீட்டுக்கு இருநூறு யார் முன்னால், எங்கள் ஒழுங்கை முகப்பில் இருந்த ஆலமரத்தடியில், அப்பா ரப்பைப் பெற்றோல் பக்கம் திருப்பிவிடுவார். எங்களிடம் இருந்ததில், இருந்த இடத்திலிருந்தே திருப்ப, ரப்பிலிருந்து ஒரு கம்பி காருக்குள்ளே இழுத்திருந்தது. காபரேற்றருக்குள் மிச்சம் நிற்கும் மண்ணெண்ணெய் எரிந்து முடிந்து பெற்றோல் வந்து நிற்கவேண்டும், அப்போதுதான் அடுத்தமுறை ஸ்ராட் வரும். இது தெரியாமல் படலையில் வந்து அப்படியே நிற்பாட்டினால் அடுத்த நாள் காபரேற்றரைக் கழற்றவேண்டும். நாங்கள் வீட்டுக்குள் படுத்திருப்போம். எஞ்சின் சத்தம் ஆலமரத்தடியில் மாறும். அடைத்த தொண்டை திறந்ததுபோல் சுத்தமாகும். அம்மா உடனே எழும்பி அடுப்பை மூட்டுவார். அப்பா வந்துவிட்டார் என்று அந்தச் சத்தம்தான் சொல்லும்.

எங்கள் கார் 2009இல் போய்விட்டது. எங்கே விட்டோம் என்று தெரியும், போய்ப் பார்த்தபோது எரிந்த செஸிகள் பல கிடந்தன, எது எங்களுடையது என்று அடையாளம் காண முடியவில்லை.

தம்பி, அந்த ரப்பைக் கழற்றவேண்டாம். கேட்டுக்கொள்கிறேன்.

மாங்குளம் பேர்குசன்

கராஜ் அப்பு ஐயாவும் முள்ளியவளை அக்காவும் சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன்.

எங்கள் அப்பப்பாவிடம் சாம்பல் நிறப் பேர்குசன் ரக்டர் ஒன்று இருந்தது, ரிஈடி20 மொடல். இன்றும் கொட்டிலில் நிற்கிறது. 1946 முதல் 1956 வரை கொவென்ரியில் செய்த வரிசை அது. அதில் பெற்றோலுக்கு ஓடுவது ஒரு வகை, டீசல் ஒரு வகை. ரிஈடி20 மூன்றாவது வகை. அது ரக்டருக்கென்றே விற்ற, மண்ணெண்ணெய்க்குக் கிட்டிய ஒரு எண்ணெயில் ஓடும். தாங்கிக்குள்ளே சிறிய அறையில் பெற்றோல், பெரிய அறையில் அந்த எண்ணெய். பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடானதும் ரப்பைத் திருப்பவேண்டும். மனிபோல்டையும் எண்ணெய் சூடாகும்படிதான் அமைத்திருக்கிறார்கள். நிற்பாட்ட முன்னம் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றவேண்டும். அக்காவின் அப்பா ஆலமரத்தடியில் செய்தது எழுத்துக்கு எழுத்து இதுதான்.

முரசுமோட்டை, கண்டாவளை, பரந்தன் எல்லாம் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் இடங்கள். ரக்டர் தெரியாத மெக்கானிக் அங்கே இல்லை. உங்கள் பெரியப்பாவின் ரப்பைச் செய்தவர் வயலில் நின்ற ரக்டரில் இந்த முறையைக் கண்டிருப்பார் என்று நான் நம்புகிறேன். அவர் காருக்குள் கொண்டுவந்தது பேர்குசனின் தாங்கியை. மேலே டொரொன்ரோ அண்ணை சொன்ன, கொம்பனி விட்டபடி இருக்கும் ஒறிஜினல் என்பதை இங்கே கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். 1953இல் பொருத்தியது ஒறிஜினல் என்றால், 1990களில் இந்த மண்ணில் பொருத்தியது ஏன் ஆகாது? உலகத்தில் கொம்பனி விட்டபடி இருக்கும் சோமர்செற்றுகள் இன்னும் இருக்கின்றன. 'பெ', 'ம' என்று ஆணியால் எழுதியது எத்தனை இருக்கும்?

டொரொன்ரோ வன்னியன்

மாங்குளம் தம்பி, நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

நான் 1988இல் வெளிக்கிட்டவன். அந்தக் காலத்தை நான் வாழவில்லை. என் மனதில் உள்ள சோமர்செற் என் மாமா ஓடிய சோமர்செற். முன்மூடியில் பறக்கும் 'ஏ' எழுத்து மினுங்கும், கல்யாண வீட்டுக்குப் பூமாலை போட்டு நிற்கும். அதையே திரும்பப் பார்க்க ஆசைப்பட்டேன். அக்கா எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் மல்லாவியில் இருந்து 1997இல் வந்தவர். "இதைக் கழற்றச் சொல்லியா எழுதினீர்கள்?" என்று கேட்டார்.

ரின்னும் ரப்பும் இருக்கட்டும். ஆனால் மனிபோல்டில் சுற்றிய குழாய் விஷயத்தில் நான் மாறவில்லை. அதை இரண்டு முனையிலும் வெட்டி அடைத்து, எண்ணெய் போகாதபடி வெறும் குழாயாக விடுங்கள். பெற்றோல் புதுக் குழாயில் நேரே பம்பிலிருந்து காபரேற்றருக்குப் போகட்டும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் இருக்கும், தீப்பிடிக்கவும் மாட்டாது.

ஷெல் ஓட்டைகளையும் நிரப்பவேண்டாம் என்று நினைக்கிறவர்கள் இருந்தால் ஒரு வார்த்தை: நிரப்பாவிட்டால் கதவின் உட்பக்கம் சுத்தம் பண்ணி எபொக்சி பிறைமர் அடிக்கவேண்டும். இல்லாவிட்டால் ஓட்டை ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகும்.

செட்டிகுளம் தட்டிவான்

வண்டியைத் தொட முன்னம் கடதாசியைப் பாருங்கள். இடம்பெயர்வில் பதிவுப் புத்தகம் தொலைந்த வண்டி வன்னியில் ஏராளம். என் நண்பர் ஒருவர் பழைய ஜீப் ஒன்றை ஓப்பின் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல், வாங்கி, போடி வேலை, பெயின்ற் எல்லாம் முடித்தபிறகுதான் தெரிந்தது, முதல் உரிமையாளர் இறந்து பல வருடம், வாரிசுகள் மூன்று நாட்டில். வண்டி இன்றும் வளவுக்குள்தான் நிற்கிறது. உங்களுக்குப் பெரியம்மா இருக்கிறார், அது பெரிய பலம். முதலில் அவர் பெயருக்குக் கொண்டுவந்து, பிறகு உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

நம்பரையும் மாற்றவிடாதீர்கள். 1953 வண்டி என்றால் ஆங்கில எழுத்து நம்பராகத்தான் இருக்கும், சிங்கள ஸ்ரீ எழுத்து நம்பர் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த எழுத்துக்குப் பின்னால் எவ்வளவு நடந்தது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு விஷயம், இழையை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். கார்களைக் காப்பாற்ற ஆள் இருக்கிறது. தட்டிவானை யார் காப்பாற்றப்போகிறார்கள்? பழைய லொறிச் செஸியில் மரத்தால் கட்டிய உடம்பு, பக்கம் திறந்தபடி, பின்னால் தட்டியை இறக்கினால் மூட்டையும் ஆட்டுக்குட்டியும் சைக்கிளும் ஏறும். கொடிகாமம் பருத்தித்துறைப் பாதையில் ஓடியவற்றைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். வன்னியில் ஓடியவற்றின் மரத்தை விறகாக்கிவிட்டார்கள். இரும்பு வண்டியைவிட மர வண்டிக்குத்தான் அவசரம். யாருடைய வளவிலாவது ஒரு தட்டிவான் உடம்பு பாதியாகக் கிடந்தாலும் இங்கே எழுதுங்கள், நான் வந்து அளவெடுக்கிறேன். தச்சுவேலை எனக்குத் தெரியும்.

விசுவமடு எம்டி

அண்ணைமார் காரையே பேசுகிறீர்கள். ஹொண்டா எம்டி 90 பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜப்பானில் தபால்காரர் ஓடுவதற்காகச் செய்த மோட்டார் சைக்கிள். பழசாகி இங்கே வந்து வன்னி முழுக்க ஓடியது. என்னிடம் ஒன்று இருக்கிறது. பின் கரியரில் இரண்டு மூட்டை நெல்லோடு மாரியில் சேற்றில் இன்றும் போகிறது. அதையும் பழைய வண்டிக் கணக்கில் சேர்ப்பீர்களா?

இன்னொரு கேள்வி, கராஜ் ஐயாவிடம். 2022இல் எரிபொருளை அளந்து கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர். அப்போது ஊரில் சிலர் மண்ணெண்ணெய் கலந்து ஓடினார்கள். இனி அப்படி ஒரு நிலை வந்தால் புது வண்டிகளுக்கும் இந்த ரப்பைப் பூட்டலாமா?

கராஜ் அப்பு

விசுவமடுத் தம்பி, எம்டியைச் சேர்க்காமல் எதைச் சேர்ப்பது? கட்டாயம் தனி இழை தொடங்குங்கள்.

புது வண்டிக்கு வேண்டவே வேண்டாம். 2022இல் என்னிடம் அப்படி வந்தவற்றில் இன்ஜெக்டர் அடைத்தவை, சென்சர் போனவை, கற்றலிற்றிக் கொன்வேற்றர் அடைத்தவை. காபரேற்றர் இல்லாத வண்டியில் ரப்பைப் பூட்ட இடமே இல்லை. கொம்பிறெஷனும் பத்துக்குக் கிட்ட. அந்த ஆவணியில் மண்ணெண்ணெய் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது, அதோடு கலக்கிற எண்ணமும் போனது. கடற்றொழிலாளிகள்தான் அதில் பெரிதாக அடிபட்டார்கள்.

முரசுமோட்டைத் தம்பிக்கு: கேம்பிறிட்ஜ் வைத்திருந்தால் எஞ்சின் சாமானுக்கு இந்தியா அம்பாசடர் கைகொடுக்கும், இரண்டுக்கும் 1489 சிசி எஞ்சின் ஒரே குடும்பம். உங்களுடையது அதற்கு முந்திய 1200, அப்படியே பொருந்தாது. ஹெட் கஸ்கற் அளவெடுத்து வெட்டித் தருகிறேன். சனிக்கிழமை வரட்டுமா?

முரசுமோட்டையான்

எல்லோருக்கும் நன்றி. ஐயா இரண்டு சனிக்கிழமை வந்தார். நடந்ததை எழுதுகிறேன்.

ஹெட்டைத் திறந்தோம். கஸ்கற் இரண்டு இருந்தது. ஐயா சிரித்துக்கொண்டே எண்ணிக் காட்டினார். மூன்றாம் சிலிண்டர் இறுகியிருந்தது, ஒயில் விட்டு ஒன்பதாம் நாள் அசைந்தது. சம்பில் கைவிரல் மொத்தத்துக்குக் கறுத்த களி. பெற்றோல் தாங்கிக்குள் கறள். சைக்கிள் செயின் துண்டைப் போட்டுக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினோம். பற்றரியைக் கூட்டல் முனை போடிக்கு வைத்தே கொழுவினோம், டொரொன்ரோ அண்ணை. மனிபோல்டில் சுற்றிய குழாயை நீங்கள் சொன்னபடி வெட்டி அடைத்தாயிற்று. ரின் இருக்கிறது. ரப் இருக்கிறது.

கஸ்கற் ஒன்றுதான் போடவேண்டும் என்று ஐயா சொன்னார். போட்டோம். பழைய இரண்டையும் பெரியம்மா கேட்டு வாங்கித் துணியில் சுற்றி வைத்துக்கொண்டார்.

போன சனி பின்னேரம் நாலரைக்கு எஞ்சின் பிடித்தது. ஏழாவது ஹாண்டில். முதலில் வெள்ளைப் புகை, அதில் மண்ணெண்ணெய் மணம். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எங்கேயோ மிச்சம் இருந்திருக்கிறது. பெரியம்மா குசினியில் நின்றவர் வெளியே வந்து, கிட்ட வராமல், விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்து நிமிடம் ஓடியது. பிறகு என்னைக் கூப்பிட்டு, "நிற்பாட்ட முதல் ரப்பைத் திருப்பினனியே?" என்று கேட்டார். பெற்றோலில்தான் ஓடுகிறது, திருப்பத் தேவையில்லை என்று சொல்லத் தொடங்கினேன். பிறகு போய் 'ம' பக்கம் கிடந்ததை 'பெ' பக்கம் திருப்பிவிட்டு நிற்பாட்டினேன்.

அடுத்தது பிறேக். சில்லுச் சிலிண்டர் நாலும் பிடித்துப்போய் இருக்கிறது. றப்பர் செற் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். முள்ளியவளை அக்கா, பிறேக் சரிவந்ததும் முதல் ஓட்டம் உங்கள் பக்கம்தான். ஆலமரம் இன்னும் நிற்கிறதா?

முள்ளியவளை மகள்

நிற்கிறது தம்பி. வாருங்கள்.

செட்டிகுளம் தட்டிவான்

றப்பர் செற்றுக்கு வவுனியாவில் ஒரு பழைய சாமான் கடையில் விசாரிக்கிறேன். சிலிண்டரின் விட்டத்தை அளந்து எழுதுங்கள், கண்மட்டம் வேண்டாம், வேர்னியரால் அளந்து.